மாமா பட்டறையில் டர்பைன் பிளேடு வார்க்க முடியுமா?

திருநகர்_தம்பி · செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் கடைசி வருசம். ப்ராஜெக்ட் தலைப்பு குடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு.

மதுரை தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல எங்க தாய்மாமா நகை கேஸ்டிங் பட்டறை வச்சிருக்கார். ரப்பர் டையில மெழுகு ஏத்தி, மெழுகு மோதிரங்களை மரம் மாதிரி ஒட்டி, பிளாஸ்க்குல பவுடரைக் கரைச்சு ஊத்தி, ராத்திரி பூராம் சூளையில வச்சு மெழுகை எரிச்சு எடுக்கிற பர்ன் அவுட். காலையில வாக்கம் மெசின்ல தங்கம் இறங்கும். சின்ன வயசுல இருந்து பாத்து வளர்ந்தவன். போன வாரம் மெட்டலர்ஜி சார், ஜெட் இன்ஜின்ல சூடான வாயு பட்டுச் சுத்துற டர்பைன் பிளேடும் இதே மெழுகு வார்ப்புதான்னு சொன்னார். அதுல இருந்து தூக்கம் வரல.

கடுஞ்சூடு தாங்குற நிக்கல் கலப்பு உலோகத்துல, அதான் நிக்கல் சூப்பர் அலாய்ல, உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளேடு மாமா பட்டறையில வார்க்க முடியுமா? மாமாகிட்ட கேட்டேன், "படத்தைக் கொண்டா, ஊத்திருவோம்"ங்கிறார். சிரிக்காம பதில் சொல்லுங்க.

கோரிப்பாளையம்_சிங்கம் · 9:20

ஏன் முடியாது? ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே மெழுகுல நடராசர் வார்த்த கைகள். வெள்ளைக்காரன் நம்மகிட்ட இருந்து எடுத்துட்டுப் போயி பிளேடு செஞ்சு நமக்கே விக்கிறான். தைரியமா செய் தம்பி.

கப்பலூர்_சிட்கோ · 9:31

சிங்கம் அண்ணே, அந்தக் கைகள் சுவாமிமலைக் கைகள். அது கும்பகோணம் பக்கம். நம்ம ஊருக்கு ஏன் இழுக்குறீங்க 😄

தம்பி, நான் பம்பு காஸ்டிங் ஊத்துறவன். மணல் அச்சுல இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற சக்கரம்) ஊத்தி, பத்துக்கு ஒண்ணு ஓட்டை விழுந்தாலே ராத்திரி சோறு இறங்காது. நீ ஜெட் இன்ஜின்ங்கிற.

செல்லூர்_பல்லேப் · 9:47

தம்பி, முதல்ல அந்தப் பவுடரைக் கையில எடுக்காம மாமாவை நிப்பாட்டுங்க. நகைக்குப் போடுறது ஜிப்சம் கட்டுன பவுடர். தங்கம், வெள்ளிக்கு அது தாங்கும். நிக்கல் அலாயை 1450, 1500 டிகிரியில ஊத்துனா ஜிப்சம் உடைஞ்சு கந்தகப் புகை கிளம்பும். மூக்குக்கும் கேடு, உலோகத்துக்கும் கேடு.

நான் பல் லேப்புல இருக்கேன். கழட்டி மாட்டுற பல்செட்டுக்கு உள்ள ஒரு உலோகச் சட்டம் இருக்குமே, அதைக் கோபால்ட்-குரோம்-மாலிப்டினத்துல நாங்களும் மெழுகுலதான் வார்க்கிறோம். பவுடர் பாஸ்பேட் கட்டு. உருக்குறது மின்சாரத்துல சூடேத்துற இண்டக்சன், சுத்தி விட்டு ஊத்துறது சென்ட்ரிபியூகல்.

உங்களுக்கு ஒரு சேதி. டர்பைன் பிளேடு மெழுகு வார்ப்புக்கு வந்ததே எங்க தொழில் வழியாத்தான். 1930-கள்ல அமெரிக்காவுல ஆஸ்டினல்ங்கிற பல் சாமான் கம்பெனி வைட்டாலியம்னு ஒரு கோபால்ட் அலாயைப் பல்லுக்காகக் கொண்டுவந்துச்சு. இரண்டாம் உலகப் போர் வந்தப்ப, உயரத்துல பறக்குற விமானங்களுக்கு இன்ஜினுக்குக் காத்தை அழுத்தி ஊட்டுற டர்போ சூப்பர்சார்ஜர் வேணும், அதோட பக்கெட்டுகள், அதாவது பிளேடுகள், சூடு தாங்கணும், ஆயிரக்கணக்குல வேணும். அந்த அலாய் கடினமானது, அடிச்சு உருவாக்கவும் கடைசல் பிடிக்கவும் லேசுல வராது. அதனால பல்லு வார்க்கிற மாதிரியே மெழுகுல வார்த்துட்டாங்க. பல் டாக்டருங்க எங்களை "லேப்"னு ஒத்தை வார்த்தையில கூப்பிடுறப்ப எல்லாம் இதைச் சொல்லிக் காட்டணும்போல இருக்கும்.

கோரிப்பாளையம்_சிங்கம் · 9:55

அக்கா இது புதுசா இருக்கே. அப்ப உங்க லேப்புலயே ஊத்திடலாம்ல?

செல்லூர்_பல்லேப் · 9:58

கோபால்ட்-குரோமைக் காத்துலயே உருக்கலாம். நிக்கல் சூப்பர் அலாய் அப்படி இல்லன்னு கேள்வி. அதுக்கு மேல விவரம் தெரிஞ்சவங்க வரட்டும்.

பழைய_உலைக்காரர் · புதன், காலை 5:40

விவரம் தெரிஞ்சவன்னு சொல்லிக்க மாட்டேன். வெளிமாநிலத்துல ஒரு வாக்கம் காஸ்டிங் கடையில முப்பது வருசத்துக்குப் பக்கமா இருந்துட்டு, இப்ப வில்லாபுரத்துல பேரனைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்ற வேலை பாக்குறேன்.

பல்லேப் அம்மா சொன்ன கந்தகம் ரொம்பச் சரி. நிக்கலும் நிக்கல் சல்ஃபைடும் சேர்ந்தா சுமார் 640 டிகிரியிலயே உருகிப்போற ஒரு கலவை உண்டாகும். ஆயிரம் டிகிரியில ஓட வேண்டிய பிளேடு, அதோட மணி எல்லைகள்ல (உலோகத்துக்குள்ள இருக்கிற படிகத் துணுக்குகள்தான் மணி, அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற இடம் எல்லை) 640-லயே நீராப் போச்சுன்னா என்ன ஆகும்னு தம்பிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வாக்கம். நிக்கல் சூப்பர் அலாய்க்கு உயிர் கொடுக்கிறது அலுமினியமும் டைட்டானியமும். நிக்கல் மூணு பங்கு, அலுமினியம் ஒரு பங்குன்னு சேர்ந்து காமா பிரைம்னு ஒரு படிகம் உள்ளுக்குள்ள சின்னச் சின்னக் கனசதுரமாப் பிறக்கும். நல்ல பிளேடு அலாய்ல கொள்ளளவுல 70 சதவீதம் வரைக்கும் இதுதான். இதுல ஒரு அதிசயம்: மத்த உலோகம் எல்லாம் சூடேற ஏற இளகும், இது 700, 800 டிகிரி வரைக்கும் சூடேற ஏறப் பலம் கூடும். ஆனா அந்த அலுமினியமும் டைட்டானியமும் காத்தைப் பாத்தாப் போதும், ஆக்சைடாப் போயிடும். அதனாலதான் 1950-கள்ல வாக்கம் இண்டக்சன் உலை வந்த பிறகே இந்த அலாய்களுக்கு விடிவு. உங்க மாமா மெசின்ல வாக்கம் அச்சுக்குக் கீழ உறிஞ்சுறதுக்கு. எங்களுக்கு உருக்குறது, ஊத்துறது, உறையுறது எல்லாமே வாக்கத்துக்குள்ள.

சிங்கம் தம்பிக்கு: சுவாமிமலைப் பட்டறையில போய் நின்னு பாத்திருக்கேன். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருப் பிடிச்சு, காவிரி வண்டல் மண் பூசி, ஒவ்வொரு பூச்சும் காஞ்ச பிறகு அடுத்தது. மெழுகு மேல பீங்கான் அச்சு (ஷெல்) பூசுற எங்க ஷெல் ரூம்ல செய்யுறதுக்கும் அதுக்கும் மனசளவுல வித்தியாசமே இல்லை, அந்தப் பொறுமைக்குக் கும்பிடு. ஆனா அது கன வார்ப்பு, உள்ள கெட்டி. பிளேடு உள்ள பொள்ளல். தொல்லை எல்லாம் அந்தப் பொள்ளல்லதான்.

திருநகர்_தம்பி · காலை 7:05

ஐயா, பொள்ளல் எதுக்கு? எடை குறையவா?

பழைய_உலைக்காரர் · காலை 8:50

காத்து போறதுக்கு. இன்ஜின்ல முதல் வரிசை பிளேடு மேல வந்து மோதுற வாயு 1500 டிகிரிக்கு மேல. பிளேடு உலோகம் 1300 சொச்சத்துலயே உருக ஆரம்பிக்கும். அதாவது அது உருக வேண்டிய சூட்டுலதான் வேலை பாக்குது. உருகாம இருக்கக் காரணம், இன்ஜினோட முன்பக்கம் காத்தை அழுத்துற கம்ப்ரசர்ல இருந்து கொஞ்சம் காத்தைத் திருடி பிளேடு வயித்துக்குள்ள வளைச்சு வளைச்சு ஓட்டி, மேல் தோல்ல பொடி ஓட்டைகள் வழியா வெளிய விட்டு ஒரு போர்வை மாதிரி மூடுறது. அந்தக் "குளிர்" காத்தே 600 டிகிரிக்கு மேல இருக்கும், அது வேற கதை.

அந்த வளைவு வழிகளுக்குத்தான் கோர். சிலிக்காவுல செஞ்ச பீங்கான் துண்டு, விரல் நீளத்துல மீன் முள் மாதிரி. அதை டையில வச்சு அதைச் சுத்தி மெழுகை ஏத்துவாங்க. மெழுகு உருகி ஓடின பிறகு ஷெல்லுக்குள்ள அந்தக் கோர் அந்தரத்துல நிக்கணும். 1500 டிகிரி உலோகம் வந்து விழும்போது அரை மில்லி நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிஞ்சு பிளேடு குப்பைக்கு. கோரைப் பிடிச்சுக்க என்ன குத்துவோம் தெரியுமா? பிளாட்டினக் கம்பி. மெழுகு வழியாக் குத்தி ஷெல்லுல கால் ஊன்றி நிக்கும், கடைசியில அலாய்லயே கரைஞ்சுபோகும். வார்ப்பு முடிஞ்ச பிறகு சூடான காஸ்டிக் கரைசல்ல, அழுத்தத்துல போட்டு கோரைக் கரைச்சு எடுக்கணும்.

திருநகர்_தம்பி · காலை 8:58

மாமாகிட்ட பிளாட்டினக் கம்பி விசயத்தைப் படிச்சுக் காட்டினேன். "கரைஞ்சு போறதுக்குப் பிளாட்டினமா! வீணாப்போன பயலுக"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார்.

கப்பலூர்_சிட்கோ · காலை 10:15

😂😂 மாமாவை இந்த இழையில சேருங்கப்பா.

ஐயா, ஒரு சந்தேகம். ஒத்தைப் படிகம், சிங்கிள் கிரிஸ்டல்னு பேப்பர்ல படிக்கிறோம். ஏதோ வைரம் மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கேன். எங்க பம்பு இம்பெல்லர்ல மணி சின்னதா இருந்தாத்தானே பலம்னு சொல்லிக் குடுத்தாங்க? இவங்க ஏன் தலைகீழாப் போறாங்க?

பழைய_உலைக்காரர் · மதியம் 2:30

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த இழை ஓடலாம்.

கொல்லைப்புறத்துல நிக்கிற ஜி.ஐ. வாளியை வெயில்ல திருப்பிப் பாருங்க. பூப்பூவாத் தெரியும். ஒவ்வொரு பூவும் ஒரு துத்தநாக மணி. ரெண்டு பூவுக்கு நடுவுல இருக்கிற கோடுதான் மணி எல்லை. உங்க இம்பெல்லர் ஓடுற சூட்டுல அந்தக் கோடு பலமான இடம், வேலி மாதிரி விரிசலைத் தடுக்கும். ஆனா உருகுற சூட்டுக்குப் பக்கத்துல போனா அதே கோடுதான் முதல்ல வழுக்கும், அங்கதான் ஓட்டை பிறக்கும். சுமை கொஞ்சமா இருந்தாலும், நேரம் போகப் போக உலோகம் நீளும். க்ரீப்னு பேர். துணி காயப்போடுற கயிறு, நீங்க தொடாமலே வருசா வருசம் தொய்யுதுல்ல, அது மாதிரி. பிளேடு ஒரு மில்லி நீண்டாலே நுனி வெளிக்கூட்டுல உரசிடும்.

சுமை எவ்வளவுன்னு தம்பி கணக்குப் போடட்டும். 300 கிராம் பிளேடு, மையத்துல இருந்து 40 சென்டிமீட்டர், நிமிசத்துக்கு 12,000 சுத்து.

திருநகர்_தம்பி · மதியம் 3:02

போட்டேன் ஐயா. சுமார் 1,90,000 நியூட்டன். 19 டன்!! ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். 300 கிராம் சாமானை 19 டன் இழுக்குதா?

பழைய_உலைக்காரர் · மதியம் 3:40

இழுக்குது. அதுவும் தழல்ல நிக்கும்போது.

இழுப்பு பிளேடு நீளத்துக்கு. அதனால நீளத்துக்குக் குறுக்க ஓடுற மணி எல்லைதான் எமன். 1960-கள்ல பிராட் அண்ட் விட்னிங்கிற அமெரிக்க இன்ஜின் கம்பெனியில வெர்ஸ்னைடர்னு ஒருத்தர், மணிகளையே நீளவாக்குல வளர்த்துட்டா குறுக்கு எல்லையே இருக்காதேன்னு வந்தார். அடியில தண்ணி ஓடுற செப்புத் தகடு, மேல கொதிக்கிற அச்சு, அச்சை மெல்ல சூட்டுல இருந்து கீழ இறக்குறது. உறைதல் அடியில இருந்து மேல ஏறும், மணிகள் தென்னை மட்டை நரம்பு மாதிரி நெட்டுக்கு நிக்கும். எஸ்.ஆர்-71 உளவு விமானத்தோட இன்ஜின்ல அப்படிப்பட்ட பிளேடு ஓடிச்சு. அதுக்கு அடுத்த படி, அதே கம்பெனியில, எல்லா எல்லையையும் ஒழிச்சிட்டு ஒரே மணியாக்குறது. 1982-ல பயணிகள் விமானத்துக்கே அந்த பிளேடு வந்திடுச்சு, ஜேடி9டி-7ஆர்4 இன்ஜின்ல.

ஒரே மணி எப்படி வரும்? அச்சோட அடியில பன்னி வால் மாதிரி ஒரு சுருள் வழி விடுவோம். செப்புத் தகட்டுல நூத்துக்கணக்குல மணி முளைக்கும். எல்லாம் அடிச்சுப் பிடிச்சு மேல ஏறும். கோணலா வளர்றது பின்தங்கும், நேரா வளர்றது முந்தும். சித்திரைத் திருவிழாவுல அழகரைப் பாத்துட்டுத் திரும்புற கூட்டம் ஒரு ஆள் மட்டும் போற சந்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி, அந்தச் சுருள்ல ஒரே ஒரு மணிதான் தப்பிச்சு வெளிய வரும். மேல இருக்கிற பிளேடு முழுக்க அதோட வம்சம்.

இறக்குற வேகம் நிமிசத்துக்கு 3 மில்லி மாதிரி. ஒரு சாண் நீளத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல உலை முன்னாடி காவல் நிக்கணும். வேகமாப் போனா பிளேடு அடியில இருக்கிற தட்டோட மூலைகள்ல அந்நிய மணி முளைச்சிடும். மெதுவாப் போனா ரீனியம், டங்ஸ்டன் மாதிரிக் கனமான சரக்கு ஒதுங்கி, சங்கிலி சங்கிலியா மச்சம் விழும்.

கப்பலூர்_சிட்கோ · மாலை 6:20

புரிஞ்சது ஐயா, நன்றி. வாளியை இனிமே சும்மா பாக்க முடியாது.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் மதுரைக்கு எட்டாது. தமிழ்நாட்டுல ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கான பாதைன்னு அறிவிச்சப்ப சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி, இந்த அஞ்சு ஊர்தான். மதுரை இல்லை. நாங்க மல்லிகைப்பூவும் ஜிகர்தண்டாவும் விக்க வேண்டியதுதான்.

கோரிப்பாளையம்_சிங்கம் · மாலை 6:24

சரியாச் சொன்னீங்க. மதுரைன்னாலே யாருக்கும்

*[நெறியாளர்: இதுக்குப் பின்னால வந்த 11 அரசியல் பதிவுகள் நீக்கப்பட்டன. அதுக்குத் தனி இழை இருக்கு. இங்க உலோகம் மட்டும் பேசுங்க.]*

செல்லூர்_பல்லேப் · மாலை 7:10

எட்டாதுன்னு ஒரேயடியாச் சொல்ல மாட்டேன். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் முன்னாடி வெளிநாட்டுல இருந்துதான் வந்துச்சு. 1992-ல மதுரையில ஆரோலேப் ஆரம்பிச்சு இங்கயே செஞ்சாங்க. அப்பவும் இதே மாதிரி "நம்ம ஊர்லயா"ன்னு கேட்டிருப்பாங்கல்ல.

கப்பலூர்_சிட்கோ · மாலை 7:18

அக்கா, அது பிளாஸ்டிக். இது 1500 டிகிரி. நாட்டுக்கே இது கஷ்டமா இருக்கு. நம்ம தேஜஸ் போர் விமானத்துக்காக உள்நாட்டுலயே ஆரம்பிச்ச காவேரி இன்ஜினுக்கு 1989-ல அனுமதி, 2008-ல தேஜஸ்ல இருந்து பிரிச்சுட்டாங்க.

பழைய_உலைக்காரர் · இரவு 8:45

காவேரிக்குப் பிளேடு மட்டுமே காரணம்னு யாரும் எழுதிடாதீங்க, இன்ஜின்னா நூறு விசயம். அதே நேரத்துல ஐதராபாத்துல டி.எம்.ஆர்.எல்.ங்கிற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வுக்கூடம் ஒத்தைப் படிக பிளேடு செஞ்சு, 2021 ஏப்ரல்ல ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக அரசு விமானக் கம்பெனி எச்.ஏ.எல்.-க்கு 60 பிளேடு குடுத்தாங்க, 300 பிளேடுத் திட்டத்துல முதல் தவணை. அதனால நாட்டுக்கு வராதுன்னு இல்லை. ஆனா ஒரு பிளேடு செய்யுறது வேற, அறுபதும் ஒரே மாதிரி செய்யுறது வேற. வித்தையில முக்கால்வாசி எதைக் குப்பையில போடணும்னு தெரிஞ்சுக்கிறதுதான்.

அதுக்கு என் கதையே இருக்கு. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வருசம். உலையில இருந்து வந்த கொத்துல ஷெல்லை உடைச்சு எடுக்கிற வேலை எனக்கு. ஒரு பிளேடுல இடுக்குல பீங்கான் ஒட்டிக்கிட்டு வரவே இல்லை. சின்னச் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினேன், பொலபொலன்னு உதிர்ந்திடுச்சு. பிளேடுல நகக்கீறல் அளவுக்கு ஒரு அமுங்கல். கண்ணுக்கே சரியாத் தெரியல, நான் யார்கிட்டயும் சொல்லல. மணி கண்ணுக்குத் தெரியுற மாதிரி மேல் தோலை ஆசிட்ல லேசா அரிச்சு எட்ச் பண்ணாங்க, ஒரே மணி, பாஸ். எக்ஸ்ரேயில கோணம் பாத்தாங்க, பாஸ். பிறகு 1300 டிகிரி பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட். வெளிய வந்ததும் மறுபடி எட்ச் பண்ணி விளக்குக்குக் கீழ திருப்பினா, நான் தட்டின இடத்துல சரியா ரெண்டு புள்ளி, மத்த உடம்பு மினுங்கும்போது அது மட்டும் இருண்டு கிடக்கு. அமுங்கின இடத்துல சேர்ந்த அழுத்தம் சூட்டுல புது மணியா முளைச்சிருச்சு. மேஸ்திரி என்னைத் திட்டல. அந்த பிளேடை என் மேசை மேலயே வச்சுட்டுப் போயிட்டார். ரெண்டு மாசம் அங்கயே கிடந்துச்சு.

தம்பிக்கு இப்ப நேர் பதில்: நிக்கல் வேண்டாம். மாமா பட்டறையில துத்தநாகம் ஊத்து. 420 டிகிரியில உருகும், ஜிப்சம் பவுடர் தாங்கும், மணி வெறுங்கண்ணுக்குத் தெரியும். மெழுகுக் கம்பியைப் பென்சில்ல சுத்திச் சுருள் பண்ணு, அடியில ஒரு கட்டை, மேல ஒரு கோல். பிளாஸ்க்கோட அடி திறந்து, கட்டையோட கால் செப்புத் தகட்டுல உக்காரணும். தகட்டுக்குக் கீழ தண்ணி ஓடட்டும், ஆனா மேல ஒரு சொட்டு இருக்கக் கூடாது, உருகின உலோகமும் தண்ணியும் சேர்ந்தா வெடிக்கும். டார்ச்சை நேரா துத்தநாகத்துல காட்டாதே, அந்த வெள்ளைப் புகை காய்ச்சல் கொண்டுவரும். மாமா பக்கத்துல இல்லாம செய்யாதே.

திருநகர்_தம்பி · திங்கள், இரவு 10:30

ஐயா, நேத்து ஊத்திட்டோம்!!

பிளாஸ்க்கை பர்ன் அவுட் முடிச்சு 450-க்கு இறக்கி வச்சிருந்தோம். மாமா இடுக்கியில தூக்கி செப்புத் தகட்டுல வச்சார், நான் ஊத்தினேன். கை நடுங்கி முதல் துளி வெளிய போச்சு, அதுக்கு மட்டும் அரை மணி நேரம் திட்டு. ஆறின பிறகு பவுடரைத் தண்ணியில கரைச்சு (தட்டவே இல்லை ஐயா, சத்தியமா) பிரஷ் போட்டு எடுத்தோம். நெட்டுக்கு அறுத்து, எமரித் தாள் போட்டு, ஆசிட்டைத் தண்ணியில கலந்து முக்கினேன்.

அடிக்கட்டையில மணிகள் விரல் விரலா மேல நோக்கி நிக்குது. அப்படியே நீங்க சொன்ன மாதிரி! ஆனா சுருளைத் தாண்டி வந்தது ஒண்ணு இல்லை, மூணு. கோல்ல மூணு பட்டையாத் தெரியுது. மேல் நுனியில வேற பொடிப்பொடியா ஒரு கூட்டம்.

மாமா ராத்திரி பத்து மணிக்கு லூப் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தார். முப்பது வருசமா ஊத்துறேன், உள்ள இப்படி இருக்கும்னு பாத்ததில்லைன்னார்.

செல்லூர்_பல்லேப் · இரவு 10:41

போட்டோ போடுங்க தம்பி!! எங்க லேப் பாலிஷிங் மோட்டார் வேணும்னா வந்து பயன்படுத்திக்கங்க, எமரித் தாளோட மல்லுக்கட்டாதீங்க.

கப்பலூர்_சிட்கோ · இரவு 10:52

செப்புத் தகடு எத்தனை மில்லி? எங்கிட்ட 20 மில்லி கட்டிங் துண்டு கிடக்கு. கப்பலூர் பக்கம் வந்தா எடுத்துக்கப்பா, காசு வேணாம்.

பழைய_உலைக்காரர் · செவ்வாய், காலை 5:35

மூணு வந்ததுக்கு சந்தோசப்படு. எனக்கு முதல்ல ஏழு வந்துச்சு.

சுருள் கம்பி எவ்வளவு தடிமன், எத்தனை சுத்து? 4 மில்லியில ஒரு சுத்துன்னு நினைக்கிறேன். 3 மில்லிக்கு மெலிசாக்கி ரெண்டு சுத்து வை, ஆனா சுருள் உறையுறதுக்குள்ள அடைச்சுக்காம இருக்க பிளாஸ்க் சூட்டை இன்னும் கொஞ்சம் ஏத்து. மேல் நுனியில பொடி மணி வந்தது, ஊத்தின வாய் திறந்து கிடந்து காத்து பட்டதால. ஊத்தின உடனே வாயைப் பீங்கான் கம்பளியால மூடு.

அந்த மூணு பட்டைத் துண்டைத் தூக்கிப் போட்டிராதே. ஞாயித்துக்கிழமை பேரனைக் கூட்டிக்கிட்டு பட்டறைக்கு வர்றேன், மாமாகிட்ட சொல்லி வை.